‘அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத’ என்றால் போதுமா? மனக்காயம் பற்றிய கேள்வி பதில்

விபத்து, சாவு, அடி உதை, சின்ன வயதில் நடந்த அத்துமீறல் என்று ஏதோ ஒன்று நடந்து முடிந்த பிறகும் விட்டுப் போகாமல் கூடவே வருவதைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், மருத்துவர் இல்லை. வீட்டில் நாமே செய்து பார்க்கக் கூடியது எது, கூடாதது எது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டவர்களின் ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

அஸ்தம்பட்டி: சிஸ்டர், போன வருஷம் ஏற்காட்டில் இருந்து இறங்கும்போது எங்கள் வேன் தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் இன்றைக்கும் அடிவாரம் வந்தாலே எனக்குக் கை வேர்க்கிறது. வீட்டில் ‘ஒண்ணும் ஆகலையே, அப்புறம் என்ன?’ என்கிறார்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் ஆபத்து என்று முடிவெடுத்து, நெஞ்சைப் படபடக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு பிரேக் வாசனை, வளைவு, மூடுபனி எல்லாவற்றையும் அது ஆபத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். சிக்கல் அங்கேதான். பாதியில் திரும்பி வரும்போது ஒரு நிம்மதி வருகிறது இல்லையா? ‘திரும்பி வந்ததால்தான் தப்பித்தோம்’ என்று உடம்பு அந்த நிம்மதியில் இருந்துதான் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் முன்னாலேயே வந்து நிற்கும். இன்றைக்கு அடிவாரம், விட்டால் நாளைக்கு அதற்கும் முன்னால் வருகிற கோரிமேடு.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்க்க வேண்டும். கூட்டமில்லாத வார நாளில், நிதானமாக ஓட்டுகிற ஒருவரோடு அடிவாரம் வரை மட்டும் போங்கள். டீ குடித்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். பத்துக்கு எட்டு என்று இருக்கிற பயம் நாலுக்கு வரும் வரை கிளம்பக் கூடாது. அந்த இடம் உங்களுக்குச் சலித்துப் போகும் வரை இதையே செய்யுங்கள். அடுத்தது முதல் ஓரிரு வளைவு. வண்டியைத் திருப்ப இடம் எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுபவர் பார்த்துக்கொள்ளட்டும். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே நாளில் கடந்து காட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு விபத்து நடந்தது இறக்கத்தில். ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும்? அதனால் எவ்வளவு தூரம் இறங்கத் தாங்குமோ அவ்வளவு தூரம்தான் ஏற வேண்டும்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தபடி போனால் கணக்கில் சேராது. கண்ணை மூடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். சாமி கும்பிடுங்கள், தப்பில்லை. கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

இந்த முறை உங்களுடையது போல ஒரே ஒரு விபத்துக்குச் சரி. கண் முன்னால் சாவைப் பார்த்தவர்கள், வருஷக்கணக்கில் அடிபட்டவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. பயிற்சி பெற்ற உளவியலாளர் கூட இருக்க வேண்டும்.

ஓமலூர்: மூச்சுப் பயிற்சி செய்தால் அமைதி வரும் என்கிறார்கள். எனக்குப் படபடப்புதான் கூடுகிறது.

சிலருக்கு அப்படித்தான். கண்ணை மூடி உள்ளே கவனித்தால் நெஞ்சுத் துடிப்புதான் பெரிதாகக் கேட்கும். கண்ணைத் திறந்தே செய்யுங்கள், மூச்சை அடக்காதீர்கள். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதனால் நீளமாக விடுவதுதான் முக்கியம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் மூச்சை விட்டுவிடுங்கள், நான் சொல்வது பயிற்சியை. வெறுங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். கேட்கிற சத்தம், தொட்டால் தெரிகிற சில்லிப்பு என்று போகலாம். மனம் அன்றைக்கு நடந்ததை விட்டு இன்றைக்கு வந்தால் போதும்.

ஆத்தூர்: கிணற்றில் விழுந்து எடுத்ததில் இருந்து பையன் ராத்திரியில் அலறுகிறான். பாட்டி மந்திரித்தால் போதும் என்கிறார்.

மந்திரிக்கட்டும். பெரியவர் மடியில் உட்கார வைத்துத் தலையைத் தடவி ‘ஒண்ணுமில்லடா கண்ணு’ என்று சொல்வதில் கெடுதல் இல்லை. ஒரு மாதம் தாண்டியும் அலறினால் அதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பேய் பிடித்திருக்கிறது என்று அடிக்கிற, கட்டிவைக்கிற இடத்துக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டவர்கள் தீயில் இருந்து ஓட முடியாமல் செத்ததை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது.

சூரமங்கலம்: கூட வேலை பார்த்தவர் என் கண் எதிரே மெஷினில் சிக்கி இறந்துவிட்டார். தினமும் அதே கனவு. குடித்தால்தான் தூக்கம் வருகிறது.

தம்பி, குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் போதை இறங்குகிற பின்னிரவில் தூக்கம் உடைந்து, கனவு இன்னும் மோசமாக வரும். அதற்கு பயந்து மறுநாள் ஒரு கட்டிங் அதிகமாகும். இத்தனை நாள் தினமும் நிறையக் குடித்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கனவுக்கு ஒரு வழி இருக்கிறது. பகலில், தெளிவாக இருக்கும்போது, அந்தக் கனவை வேறு முடிவோடு எழுதுங்கள். யாரோ சுவிட்சை அணைக்கிறார்கள், அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறார், எதுவாகவும் இருக்கலாம். அந்தப் புதுக் கனவை தினமும் பத்து நிமிஷம் மனதில் ஓட்டிப் பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் மருத்துவர்களே சொல்லித் தருகிற முறைதான் இது.

ஏற்காடு: இங்கே எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் ஹீலிங் கேம்ப் நடத்துகிறார்கள். போகலாமா?

குளிருக்கும் காபித் தோட்டத்துக்கும் போவதென்றால் தாராளமாகப் போங்கள். வட்டமாக உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நடந்ததை ஒரே அமர்வில் கொட்ட வைப்பது பலன் தருவதாகத் தெரியவில்லை, சிலருக்குக் காயத்தைக் கிளறியும் விட்டிருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். நடத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த உளவியலாளரா? நடுவில் வெளியேறலாமா? மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி: வீட்டுக்காரர் அடிக்கிறார். மனசு ஆற என்ன யோகா செய்யலாம்?

அம்மா, இன்னும் அடி விழுந்துகொண்டிருக்கிறது. இப்போது வருகிற பயம் சரியான பயம், அதை யோகா செய்து அமைதிப்படுத்த வேண்டாம். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்கவும், அவர் நெருங்காமல் இருக்கவும் உத்தரவு கேட்கலாம். ஆதார், நகை, பிள்ளைகளின் சான்றிதழை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். மனசைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

செவ்வாய்ப்பேட்டை: சின்ன வயதில் ஒரு சொந்தக்காரர் என்னிடம் தப்பாக நடந்தார். யாரிடமும் சொன்னதில்லை. எழுதிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். 1986-இல் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் தினம் 15 நிமிஷம், நாலு நாள், மனதை அழுத்துவதை எழுதினார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது, ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. எல்லோருக்கும் அதே பலன் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், முடித்ததும் கிழித்துவிடலாம். எழுதும்போது அந்த அறைக்கே திரும்பிப் போனது போல உடம்பு மரத்துப் போனால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடங்கள். இதைத் தனியாகத் தோண்டாதீர்கள் என்பதற்கு அது அறிகுறி. எப்படி இருந்தாலும், அது உங்கள் தப்பு இல்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மாப்பேட்டை: எப்போது டாக்டரிடம் போவது? மாத்திரை ஆயுசுக்கும் தின்ன வேண்டுமா?

ஒரு மாதத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை, நடந்தது திரும்பத் திரும்பக் கண் முன்னால் வருகிறது என்றால் போங்கள். சாக வேண்டும் என்று தோன்றினால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். 14416 டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆயுசுக்கும் என்பது பலருக்குத் தேவைப்படாது. நன்றாகிய பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்லி, அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். நீங்களாக நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும், பழைய தொந்தரவும் திரும்பலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரை இதற்கு மருந்தே இல்லை.