நாலு பேர் என்ன சொல்வார்கள்? மனநோயும் ஆதரவும்: கேள்வி பதில்

வணக்கம். மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், நோயாளிகளின் குடும்பங்கள் கூடிப் பேசும் குழு ஒன்றையும் நடத்துகிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். மற்ற கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), இல்லாத குரல்கள் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது போன்றவை இருக்கும். மருந்தில் நன்றாக இருக்கிறான். ஆனால் விசேஷம் என்றால் "அவனைக் கூட்டி வராதீங்க" என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினால் மாறுவார்களா அக்கா?

எல்லோரையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள் தம்பி, கூட்டத்தில் யாரும் மனம் மாறியதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒருவரைப் பிடியுங்கள். யார் சொன்னால் மற்றவர்கள் வாயை மூடுவார்களோ, அந்தப் பெரியப்பாவோ அத்தையோ போதும். அதற்கு முன்னால் உங்கள் தம்பியிடமே கேட்டுவிடுங்கள்: யாரிடம் சொல்லலாம், எதுவரை சொல்லலாம் என்று. அவருடைய நோயை வெளியே சொல்லும் உரிமை அவருக்குத்தான், அண்ணனுக்கு இல்லை.

அப்புறம் விளக்கவுரையெல்லாம் வேண்டாம். தம்பியோடு சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்ய அந்தப் பெரியப்பாவைக் கூப்பிடுங்கள், கணக்குப் பார்ப்பதோ, சாமான் வாங்கப் போவதோ, எதுவானாலும் சரி. நான் வீட்டுக்கு வீடு பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். வந்தவர் தம்பிக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அம்மாவைப் பார்த்து, "சாப்பிட்டானா? தூங்கினானா? மாத்திரை போட்டானா?" என்று கேட்பார். அம்மாவும் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவார். முப்பது வயது ஆள் நடுவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் "அவனையே கேளுங்களேன் பெரியப்பா" என்று சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் இதைச் செய்கிற வீடுகளில்தான் மாற்றம் தொடங்குகிறது.

கேள்வி: இந்த நோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள்தானே? செய்திகளில் வருகிறதே.

பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குகிறவர்களாக, ஏமாற்றப்படுகிறவர்களாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். நோய் முற்றி, சிகிச்சையும் இல்லாமல், போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டால் சிலருக்கு அபாயம் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி நடந்தால்தான் செய்தி. மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் போனவரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது.

கேள்வி: அக்டோபர் 10-க்கு அலுவலகத்தில் நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுவரொட்டி, ஒரு டாக்டர் உரை, உறுதிமொழி. "மனநோயும் மூளையில் வரும் நோய்தான்" என்பது கருப்பொருள். சரியா மேடம்?

1992 முதல் உலக மனநல நாளாக இருக்கிற அந்தத் தேதியில் பெரும்பாலான இடங்களில் இதேதான் நடக்கிறது, மறுநாள் சுவரொட்டியைக் கழற்றுவதோடு முடிந்தும் போகிறது. கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

முதலில் அந்தக் கருப்பொருள். நல்லெண்ணத்தில்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் பொதுமக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனநோய்க்கு மூளை சார்ந்த காரணம் உண்டு என்று நம்புகிறவர்கள் கூடியிருந்தார்கள், சிகிச்சை தேவை என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒதுக்கும் மனப்பான்மை மட்டும் குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. "மூளையிலேயே கோளாறு" என்று காதில் விழுந்தால், "அப்படியானால் சரியாகாது போல" என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழி குறையும், பயம் அப்படியே இருக்கும்.

எது உதவுகிறது என்றால், நோயோடு வாழ்ந்து மீண்டு வந்த ஒருவரை நேரில் சந்தித்துப் பேசுவது. 2012-இல் மனநோயாளிகளை ஒதுக்கும் மனப்பான்மையை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் பாட்ரிக் காரிகனும் அவருடைய குழுவினரும் 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் பாடம் நடத்துவதைவிட இந்த நேர்ச் சந்திப்புக்குத்தான் பலன் அதிகம், காணொளியைவிட நேரில் வந்தால் இன்னும் நல்லது. வளரிளம் பருவத்தினரிடம் மட்டும் பாடம் முந்திக்கொண்டது, அதனால் பள்ளி நிகழ்ச்சி என்றால் வேறு திட்டம் போட வேண்டும்.

ஆனால் மேடையில் ஏற்றி அழ வைக்காதீர்கள், தயவுசெய்து. எனக்கு மிகவும் எரிச்சல் தருவது அதுதான். வருகிறவர் விருப்பப்பட்டு வர வேண்டும், எதைச் சொல்ல மாட்டேன் என்பதை அவரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும், டாக்டருக்குக் கொடுக்கிற அதே நாற்காலியும் அதே சன்மானமும் அவருக்கும் உண்டு. இரக்கப்பட வைக்கிற சந்திப்பில் பலன் இல்லை, சமமாக உட்கார்ந்து பேசுகிற சந்திப்பில்தான் இருக்கிறது. ஒருநாள் கூத்தாகவும் விடாதீர்கள். நோயால் விடுப்பு எடுத்தவர் திரும்பி வரும்போது அவருடைய பழைய வேலையே கிடைக்குமா, பதவி உயர்வில் அது குறுக்கே வருமா என்று உங்கள் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். உறுதிமொழியைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: எனக்கு இருதுருவக் கோளாறு (பைபோலார்), சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு என்று மனம் மாறும். மேலதிகாரியிடம் சொல்லிவிடலாமா?

நோயின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உங்களுக்கு என்ன தேவையோ அதைச் சொல்லுங்கள்: "தூக்கம் கெட்டால் எனக்கு உடம்பு கெடும், இரவு ஷிப்ட் வேண்டாம்" என்கிற மாதிரி. ஒருமுறை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் படிப்படியாகப் போங்கள். அந்த மனிதர் மற்றவர்களின் விஷயத்தை உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சொன்னால் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பனின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுகிறோம். அவன் மருத்துவமனையில் இருக்கிற படத்தோடு போட்டால்தான் மனம் இளகும் என்கிறார்கள்.

போடாதீர்கள். அவர் தேறி வந்து வேலை தேடும்போதும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். "நண்பருக்கு மருத்துவ உதவி தேவை" என்று தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். தொகை குறைவாக வரலாம், பரவாயில்லை. இன்னொன்று: மொத்தமாக ஒரு தொகையைவிட, மாதாமாதம் மருந்துச் செலவை ஏற்கும் நாலைந்து பேர் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் பெரும்பாலும் இது நீண்டநாள் செலவு. பணம் இல்லாதவர்களையும் விடாதீர்கள். மருத்துவரிடம் கூடப் போய் வர ஒருவர், அவருடைய அம்மாவுக்கு ஒரு மாலைப்பொழுது ஓய்வு கொடுக்க ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். பார்த்துக்கொள்கிறவர் சோர்ந்துவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

கேள்வி: மற்றவர்களை விடுங்கள், எனக்கே என்னை நினைத்தால் கேவலமாக இருக்கிறது. மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்கிறேன். நிறுத்திவிட்டால் நான் சாதாரண ஆள்தானே என்று தோன்றுகிறது.

ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பிக்கிறோம். "எனக்கு எதற்கு வேலை, எனக்கு எதற்குக் கல்யாணம்" என்று முயற்சி செய்வதற்கு முன்னாலேயே விலகிவிட வைப்பது இதுதான். டப்பாவை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான், திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். நிறுத்த வேண்டும் என்று தோன்றுவதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள். இதே மாத்திரை போடும் இன்னொருவரோடு பேசிப் பார்ப்பதும் நல்லது. குழுவில் முதல் நாள் வருகிறவர்கள் அதிகம் சொல்வது, "நான் மட்டும்தான் என்று நினைத்தேன்" என்பதுதான்.

கேள்வி: தோழி "இருந்து என்ன பயன்" என்று அடிக்கடி சொல்கிறாள். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ?

மாட்டீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள், கைக்கு எட்டும் ஆபத்தான பொருட்களை அகற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்கோ உதவி எண்ணுக்கோ கொண்டு சேருங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். யாரிடம் சொல்லலாம் என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும் என்று மேலே எழுதினேனே, இந்த ஒரு சூழலில் அது பொருந்தாது.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணன் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கிறார். போய் என்ன பேசுவது?

கால் முறிந்து வந்திருந்தால் என்ன பேசுவீர்களோ அதேதான். "எப்படி இருக்கீங்க, ஏதாவது வாங்கி வரவா?" சத்தமாகவோ, குழந்தையிடம் பேசுவது போலவோ பேச வேண்டாம். பத்து நிமிடம் போதும். அடுத்த வாரமும் போங்கள்.