பெயரில் கப்பல், இருந்தது கரையில்: காலனிய காலத்து ரிசர்வ் கடற்படையினர் பற்றிக் கேள்வி பதில்

தாத்தா, அம்மப்பா, பெரியப்பா என்று வீட்டில் ஒருவர் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கொடியின் கீழ் கடற்படை ரிசர்வில், அதாவது போர் வந்தால் அழைக்கப்படும் துணைப்படையில், இருந்திருப்பார். மிஞ்சியது ஒரு படமும், மடித்து மடித்துக் கிழிந்த ஒரு சேவைத் தாளும், இரண்டு பதக்கங்களும். அவற்றை வைத்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மதுரையிலிருந்து: தாத்தாவின் தாளில் "எச்.எம்.ஐ.எஸ். அடையாறு" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலின் படம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எந்தக் கடலில் ஓடியது ஐயா?

எந்தக் கடலிலும் ஓடவில்லை. எச்.எம்.ஐ.எஸ். என்றால் "ஹிஸ் மெஜஸ்டிஸ் இந்தியன் ஷிப்"; ஆனாலும் அது சென்னையில் இருந்த கடற்படைத் தளத்தின் பெயர். அதிகம் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கடற்படைச் சட்டமும் சம்பளக் கணக்கும் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்கே பொருந்தும் என்பது பழைய பிரிட்டிஷ் முறை. அதனால் கரையில் கட்டிய பாசறைக்கும் பள்ளிக்கும்கூடக் கப்பல் போலவே பெயர் வைத்தார்கள்.

பிரிட்டிஷ் காலத்து இந்தியக் கடற்படையான ராயல் இந்தியன் நேவியில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. சிர்க்கார்ஸ் விசாகப்பட்டினம், ஹூக்ளி கல்கத்தா, வெண்டுருத்தி கொச்சி, டல்ஹௌசி பம்பாய். பள்ளிகள் தனி: தல்வார் பம்பாயில் சிக்னல் பள்ளி, வல்சுரா ஜாம்நகர் பக்கம் டார்பிடோ பள்ளி, ஹிமாலயா கராச்சியில் பீரங்கிப் பள்ளி, மச்லிமார் நீர்மூழ்கி எதிர்ப்புப் பள்ளி.

தாளைப் படிக்கும்போது பெயரை விட்டுவிட்டுத் தேதிகளைப் பாருங்கள். அடையாறில் இரண்டு மூன்று வாரம்தான் என்றால், ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்திருக்கிறார். ஒரு வருடம், இரண்டு வருடம் என்றால் துறைமுகத்திலேயே வேலை. அதற்காகக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிப் படகு, காவல் படகு போன்ற சிறிய கலங்களின் ஆட்களுக்குத் தளத்தின் பேரேட்டில்தான் பெயர் இருக்கும். தளத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் உண்மையில் ஏறிய படகு அதுதான்.

திருச்சியிலிருந்து: ஆர்.ஐ.என்.ஆர்., ஆர்.ஐ.என்.வி.ஆர். இரண்டும் ஒன்றுதானே? ஒரு எழுத்து விடுபட்டிருக்குமோ?

ஒன்றல்ல. முதலாவது ராயல் இந்தியன் நேவல் ரிசர்வ், இரண்டாவது ராயல் இந்தியன் நேவல் வொலன்டியர் ரிசர்வ். அந்த "வி" தொண்டரைக் குறிக்கும். அது இல்லாத ரிசர்வ், வணிகக் கப்பலில் ஏற்கெனவே தொழில் செய்து மேட், மாஸ்டர், இன்ஜினியர் சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு. "வி" உள்ளது வக்கீல், வங்கி எழுத்தர், கல்லூரி மாணவர் என்று கடலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கு.

படம் இருந்தால் கைமுனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிரந்தரக் கடற்படை அதிகாரிக்குத் தங்கப் பட்டை நேராக ஓடும். தொண்டர் ரிசர்வுக்கு அலை அலையாக நெளியும்; "வேவி நேவி" என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. வணிகக் கப்பல் ரிசர்வுக்கு இரண்டு மெல்லிய இழை சங்கிலி போலப் பின்னிக் கிடக்கும். பிரிட்டனில் 1951 வரை இந்த வேறுபாடு இருந்தது. பட்டைகளுக்கு நடுவே நிறத்துணி இருந்தால் அது பிரிவைச் சொல்லும்: ஊதா இன்ஜினியர், சிவப்பு டாக்டர், வெள்ளை கணக்கு-சம்பளப் பிரிவு. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் ஊதாவும் ஒன்றுபோல மங்கித் தெரியும், அதை வைத்து அடித்துச் சொல்ல வேண்டாம். பயிற்சி நிலை மிட்ஷிப்மேனுக்குப் பட்டை கிடையாது. காலரில் ஒரு துணிவில்லை: நிரந்தரப் படைக்கு வெள்ளை, ரிசர்வுக்கு நீலம், தொண்டருக்கு அரக்குச் சிவப்பு.

ரிசர்வ் என்றால் இரண்டாந்தரம் என்று நினைப்பவர்கள் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 நவம்பர் 11, இந்தியப் பெருங்கடல். ஆஸ்திரேலியாவில் கட்டிய அந்தப் புதுக் கண்ணிவாரிக் கப்பல், ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. எதிரே ஹோகொக்கு மாரு, ஐகொக்கு மாரு என்று இரண்டு பெரிய ஜப்பானியத் தாக்குதல் கப்பல்கள். பெங்காலிடம் பெரிய பீரங்கி என்று இருந்தது ஒரே ஒரு பன்னிரண்டு பவுண்டர், அதாவது பன்னிரண்டு பவுண்டு குண்டு சுடும் சிறிய பீரங்கி. நேராக எதிரியை நோக்கித் திருப்பியவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்சன், ஆர்.ஐ.என்.ஆர். அதிகாரி. ஹோகொக்கு மாரு வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் தப்பி வந்தன.

தூத்துக்குடியிலிருந்து: தாத்தாவின் இடக்கையில் "வி" மாதிரி இரண்டு பட்டை இருக்கிறது. கார்ப்பரல் என்று வீட்டில் சொல்கிறோம். சரியா?

சரியில்லை. தரைப்படையில் அது பதவி. கடற்படையில் அது நன்னடத்தைப் பட்டை. மூன்று வருடம் தண்டனை இல்லாமல் இருந்தால் ஒன்று, எட்டு வருடத்துக்கு இரண்டு, பதின்மூன்று வருடத்துக்கு மூன்று. பதவி வேண்டுமானால் அந்தப் பட்டைக்கு மேலே பாருங்கள். ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் சீமன், மேலே கிரீடத்தோடு குறுக்காக இரண்டு நங்கூரம் என்றால் பெட்டி ஆபீசர். ஒன்றுமே இல்லாவிட்டால் ஏபிள் சீமனோ அதற்குக் கீழோ. தொழில் என்ன என்பது வலக்கையில் இருக்கும்.

இன்னொரு விஷயம். போர் தொடங்கியதும் பாதுகாப்புக்காகத் தொப்பி ரிப்பனிலிருந்து கப்பலின் பெயரை எடுத்துவிட்டார்கள். "எச்.எம்.எஸ்." அல்லது "எச்.எம்.ஐ.எஸ்." என்று மட்டும் தெரிவது அதனால்தான், மீதி அழிந்துபோகவில்லை. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல அச்சிட்டிருந்தால் இடக்கை வலக்கை மாறிவிடும். தொப்பி எழுத்து நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கையைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அம்மப்பாவின் ஒரு கடிதத்தில் சிலோன் நேவல் வொலன்டியர் ஃபோர்ஸ், இன்னொன்றில் சிலோன் ஆர்.என்.வி.ஆர். இரண்டு படையில் இருந்தவரா?

ஒரே படைதான், பெயர் மாறியது. 1937ஆம் ஆண்டு கட்டளைச் சட்டத்தின் கீழ் 1938 ஜனவரியில் தொண்டர் படையாகத் தொடங்கியது. போர் மூண்டதும் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். 1943இல் ராயல் நேவி பொறுப்பேற்றபோது சிலோன் ராயல் நேவல் வொலன்டியர் ரிசர்வ் ஆனது. ஆகவே கடிதத்தில் தேதி அழிந்திருந்தாலும் படையின் பெயரே காலத்தைச் சொல்லிவிடும்.

தொடக்கத்தில் அவர்களிடம் போர்க்கப்பல் இல்லை. கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவின் சாம்சன், கோலியாத் என்ற இரண்டு இழுவைப் படகுகளில் கண்ணிவாரும் கருவியைப் பொருத்தி ஓட்டினார்கள். நங்கூரமிட்ட கண்ணியை வாருவது இப்படித்தான்: படகின் பின்னால் கம்பி வடம் பக்கவாட்டில் விரிந்து இழுபடும். கண்ணியை அடியில் பிடித்திருக்கும் கயிற்றை வடம் அறுத்தால் கண்ணி மேலே மிதந்துவிடும், துப்பாக்கியால் சுட்டு முடிப்பார்கள். வடத்தின் ஆழம் பிசகினால் முதலில் கண்ணிமேல் ஏறுவது படகே. இழுவைப் படகுக்கு வலுவான இன்ஜினும் பின்தளத்தில் இழுக்கும் கொக்கியும் ஏற்கெனவே இருந்ததால் அது இந்த வேலைக்குத் தோதாக அமைந்தது. பின்னாளில் 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படைக்குத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமர் இந்தத் தொண்டர் படையிலிருந்து வந்தவர்தான். ராயல் சிலோன் நேவி தனிப்படையானது 1950 டிசம்பர் 9 அன்று.

கோயம்புத்தூரிலிருந்து: ஒரு நட்சத்திரமும் ஒரு வட்டப் பதக்கமும் இருக்கின்றன. பெயர் எதுவும் பொறிக்கவில்லை. போலியா?

பெயர் இல்லாதது போலிக்கு அடையாளமல்ல. ராயல் நேவி வழியாக வந்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கும் வழக்கமே கிடையாது.

நட்சத்திரத்தின் நடுவில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். 1939-45 ஸ்டார் என்றால் பொதுவாகப் போர்ப் பகுதியில் ஆறு மாதம் கப்பலில் இருந்திருக்கிறார். ரிப்பனில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலம். கருநீலம் கடற்படைக்கு என்பதால் குத்தும்போது அது நெஞ்சின் நடுப்பக்கம் வரவேண்டும், பலரும் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் 11க்குப் பிறகு வங்காள விரிகுடாவில் இருந்திருக்கிறார். ஆனால் கடற்படையில் அதைப் பெற, முதலில் 1939-45 ஸ்டாருக்குத் தகுதி வந்திருக்க வேண்டும். ஆகவே பர்மா ஸ்டார் மட்டும் தனியாக இருந்தால் மற்றது தொலைந்திருக்கலாம்.

வட்டப் பதக்கத்தின் பின்புறம் இரட்டைத்தலை டிராகன்மேல் சிங்கம் நின்றால் அது வார் மெடல், 28 நாள் சேவைக்கே கிடைக்கும். இந்திய வரைபடம் இருந்தால் இந்தியா சர்வீஸ் மெடல்: மூன்று வருடம் இந்தியாவுக்குள், போர்முனை அல்லாத சேவை.

ஒரு எச்சரிக்கை. இந்த நட்சத்திரங்களும் வார் மெடலும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் கொடுக்கப்பட்டவை. பதக்கத்தை மட்டும் காட்டிக் கடற்படை என்று நிறுவ முடியாது. தாள் வேண்டும்.

பினாங்கிலிருந்து: தாத்தாவுக்கு பசிபிக் ஸ்டார். பசிபிக் பக்கமே அவர் போனதில்லையே?

போக வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை மலாயாவில் இருந்த சேவை அந்தப் பதக்கத்துக்குள் வரும். 1934இல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஆர்.என்.வி.ஆர். என்ற தொண்டர் ரிசர்வ் தொடங்கி, 1938இல் பினாங்கிலும் கிளை வந்து, 1941இல் மலாயன் ஆர்.என்.வி.ஆர். என்று பெயர் மாறியது. பசிபிக், பர்மா இரண்டுக்கும் தகுதி இருந்தால் முதலில் பெற்றதை மட்டும் கொடுத்து, மற்றதன் பெயரை ரிப்பனில் ஒரு சிறு உலோகப் பட்டையாகத் தைப்பார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: சேவைத் தாளில் வி.ஜி., சாட், டி, ஆர் என்று ஒற்றை எழுத்துகள். தாளின் ஒரு மூலை வெட்டியிருக்கிறது. எலி கடித்ததா?

முதலில் எழுத்துகள். வி.ஜி. என்பது நடத்தை "மிக நன்று". சாட் என்பது திறமை "திருப்தி". வருடாவருடம் டிசம்பர் 31ஐ வைத்து மதிப்பிடுவார்கள். நன்னடத்தைப் பட்டைக்கான கட்டத்தில் ஜி என்றால் கொடுத்தார்கள், டி என்றால் பறித்தார்கள், ஆர் என்றால் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஆர், வெளியேறிய காரணத்துக்கான கட்டத்தில் வந்தால் பொருள் வேறு: ஓடிப்போனவர். அங்கே டி.டி. என்றிருந்தால் சேவையில் இறந்தவர். எழுத்தை எந்தக் கட்டத்தில் பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கட்டம் தெரியாமல் நகல் எடுத்து அனுப்பினால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

மூலை விஷயம் நேராகவே சொல்கிறேன். ராயல் நேவி சேவைச் சான்றிதழில், கெட்ட நடத்தைக்காகவோ அவமானத்தோடோ வெளியேற்றப்பட்டால் மூலையை வெட்டச் சொல்லி அதே தாளில் அச்சிட்டிருக்கும். வெட்டு கத்தரித்தாற்போல் நேராக, குறித்த கோட்டில் இருந்தால் அது அதிகாரபூர்வம். ஓரம் பிசிறாக இருந்தால் எலியோ கரையானோதான். நேர்வெட்டாக இருந்தாலும் அவசரப்பட்டுத் தலைகுனிய வேண்டாம், அடுத்த பதிலையும் படியுங்கள்.

சென்னையிலிருந்து: பெரியப்பா 1946 மார்ச்சில் திடீரென்று வெளியேற்றப்பட்டார். காரணம் "சேவை இனித் தேவையில்லை". குடும்பத்தில் யாரும் இதைப் பேசியதில்லை.

தேதியைப் பாருங்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் தல்வாரில் சாதாரண மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடு, அதிகாரிகளின் இழிவான பேச்சு, வெள்ளையருக்கு ஒரு சம்பளம் இந்தியருக்கு ஒரு சம்பளம். சில நாளில் கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவியது. 23ஆம் தேதி முடித்துக்கொண்ட பிறகு நூற்றுக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். வெளியேறிய தேதி அதற்கடுத்த மாதங்களிலும், அதுவரை நடத்தை வி.ஜி. ஆகவும் இருந்தால், இந்தப் போராட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வலுவான காரணம் உண்டு. அதே நேரத்தில் போர் முடிந்து சாதாரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அதைவிட அதிகம், அவர்கள் தாளில் "ரிலீஸ்" என்று இருக்கும். பின்னாளில் இந்திய அரசு இந்தப் போராட்டத்தை விடுதலைப் போராட்ட ஓய்வூதியத் திட்டத்துக்குரிய இயக்கங்களில் ஒன்றாக ஏற்றது. ஒளித்துவைக்க வேண்டிய தாள் அல்ல அது. சட்டம் போட்டு மாட்ட வேண்டியது.

காரைக்காலிலிருந்து: கடலில் இறந்தவர் பெயரை எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில், இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்கள் அதில் உண்டு. உடல் கிடைக்காத பிரிக்கப்படாத இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக 6,000 பேருக்கு மேல், மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவுப் பட்டியலில் இருக்கிறார்கள்.

முழுப் பெயரை அடித்துத் தேடாதீர்கள், அங்கேதான் தவறிப்போகிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். "சாமி"க்கு மூன்று விதமான எழுத்து, "ழ"வுக்கு எல் அல்லது இசட் எச், "முத்து"வில் யு-வுக்குப் பதில் இரட்டை ஓ. பல பதிவுகளில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், மகன் பெயர் வெறும் முதலெழுத்தாக நிற்கும். ஆகவே அப்பா பெயரின் முதல் நான்கு எழுத்தைப் போட்டு, படைப்பிரிவைக் கடற்படை என்றும் ஆண்டை ஒரே வருடமாகவும் குறுக்குங்கள். கிடைக்காவிட்டால் வணிகக் கப்பல் பிரிவில் அதையே திரும்பச் செய்யுங்கள்.

அதே நண்பர்: தாளை லேமினேட் செய்துவிடலாமா?

கூடாது. சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவே முடியாது. அந்தக் காலத்துப் பல பதிவுகள் காப்பியிங் பென்சிலில் எழுதியவை. காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாகக் கசியும். எனவே துடைக்கவும் வேண்டாம். சன்னல் ஓரம் வைத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படம் எடுங்கள், மங்கிய எழுத்தின் அழுத்தத் தடம் நிழலாகத் தெரியும். மடிப்பில் செல்லோடேப் ஒட்டாமல் அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வையுங்கள். பதக்கத்தை பிராஸோ போன்ற உலோக மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் நட்சத்திரத்தின் எழுத்து மழுங்கும், உலர்ந்த மெல்லிய துணியே போதும். கடலோர ஊர் என்பதால் பெட்டிக்குள் ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மாற்றுங்கள்.