அப்பாவின் பழைய ஆம்பைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கேள்வி: அப்பா 1970-களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), சேனலுக்கு 30 வாட். பரணிலிருந்து இறக்கிப் போட்டதும் பாடியது. ஆனால் வால்யூமைத் திருகினால் கரகர என்கிறது, சில நேரம் ஒரு பக்கம் ஊமையாகிவிடுகிறது. பழசில்தான் ஒலி இதமாக இருக்கும் என்கிறார்கள். சரிசெய்யவா, 50 வாட் புது ஆம்ப் வாங்கவா?

பதில்: முதலில் நல்ல ஸ்பீக்கரைக் கழற்றி வையுங்கள். பழைய ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதன் காயிலைக் கருக்கிவிடும். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு எதுவும் போடாமல், ஆம்பின் பின்னால் உள்ள ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் பயமில்லை, நூற்றுக்கணக்கில் காட்டினால் டெக்னீஷியன் பார்க்கும்வரை தொடவே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் கோளாறுகள் பெரும்பாலும் சின்னவைதான். கரகர சத்தம் வால்யூம் குமிழுக்குள் படிந்த அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஆம்பை அணைத்த நிலையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை திருகினால் போய்விடும். ஊமையான பக்கம் வால்யூமை ஏற்றினதும் டப்பென்று உயிர் பெறுகிறதா? அப்படியானால் ஸ்பீக்கர் ரிலேயின் (ஆம்பை ஸ்பீக்கரோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கறுத்திருக்கும், ரிலேயை மாற்றினால் சரி. பாட்டு இல்லாதபோதும் ம்ம்ம் என்று இரைந்தால் மின்சாரத்தைச் சீராக்கும் பவர் சப்ளை கெபாசிட்டர்கள் உலர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம், அதுதான் கொஞ்சம் செலவு வைக்கும்.

இந்த 'இதம்' விஷயத்தில் நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. பழைய ஆம்ப்களில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் சரியாகக் கேட்காது என்பதால் அதைத் தூக்கிக் கொடுப்பதற்காக வைத்தது. அது ஆன் ஆகியே கிடக்கும், கேட்பவரோ ஆஹா பழசு பழசுதான் என்பார். லவுட்னஸை அணைத்து, டோன் குமிழ்களை நடுவில் வைத்து, இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால், நல்ல நிலையில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு ஆம்ப் என்றால் கதை வேறு.

வாட் கணக்குக்கும் மயங்காதீர்கள். 30-லிருந்து 50-க்குப் போனால் கிடைப்பது சுமார் 2 டெசிபல், காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரே அளவு மின்சாரத்தில் 86 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் தரும் ஸ்பீக்கர் மாட்டுவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

புதியது ஜெயிக்கும் இடம் வசதி. ரிமோட், புளூடூத், டிவி இணைப்பு, கிளாஸ் டி (மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும் வகை) ஆனால் சூடும் குறைவு. உங்கள் பழசில் ஃபோனோ இன்புட் (இசைத்தட்டு பிளேயரைச் செருகும் இடம்) இருந்தால் இசைத்தட்டு கேட்பவருக்கு அது தனி லாபம். ஆனால் அதன் மற்ற இன்புட்கள் ஏறக்குறைய 150 மில்லிவோல்ட்டுக்கு அமைந்தவை, இன்றைய சிடி பிளேயரோ 2 வோல்ட் வரை தரும். அதனால் குமிழைத் தொட்டதுமே அலறும், சோர்ஸில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ரிலே, கிளீனிங், கெபாசிட்டர் என்ற அளவில் முடிந்தால் தாராளமாகச் சரிசெய்யுங்கள், மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். திறந்து பார்த்த டெக்னீஷியன் பவர் ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) போய்விட்டது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். எஸ்டிகே வகை ஐசிகளில் சந்தையில் போலிகள் ஏராளம், அசல் கிடைக்கிறதா என்று தெரியாமல் வேலையைத் தொடங்கச் சொல்லாதீர்கள்.