கண்மாயை ஆராய வருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்க் கண்மாயில் மூன்று வருடமாகக் கோடை தொடங்கியதும் மீன் செத்து மிதக்கிறது. ஒரு கல்லூரிக் குழு இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஊர் சார்பில் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு குழு வந்து தண்ணீர், மண், பெரியவர்களிடம் பேட்டி எல்லாம் எடுத்துப் போனது. அப்புறம் ஆளையே காணோம். இந்த முறை என்ன கேட்க வேண்டும்? கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பேனாவை எடுக்கும் முன் அவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். எதை அளக்கப் போகிறீர்கள்? எத்தனை மணிக்கு வந்து அளப்பீர்கள்? ஒப்பந்தம், பங்குத்தொகை என்று பெரிதாக ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் மணி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆய்வு மாணவனாக இருந்தபோது உங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் தண்ணீரை அளந்துகொண்டிருந்தேன். விடுதியில் சாப்பிட்டு, பஸ் பிடித்து, கரை ஏறும்போது பதினொரு மணி ஆகிவிடும். மீட்டரைத் தண்ணீரில் விட்டால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம், சில நாள் ஒன்பது. ஐந்துக்கு மேல் இருந்தாலே மீனுக்குப் போதும். ‘நீர் நன்றாக உள்ளது’ என்று நோட்டில் எழுதிவிட்டுத் திரும்புவேன். மீனோ செத்துக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் மடையருகே உட்கார்ந்திருந்த நீர்ப்பாய்ச்சி, “தம்பி, மீன் சாகுறது கோழி கூப்பிடுற நேரத்துல. நீங்க வெயிலேறி வந்து என்னத்தப் பாக்குறீங்க?” என்றார். அன்று இரவு அவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, விடியக்காலம் ஐந்து மணிக்கு மீட்டரை விட்டேன். ஒன்றரை. கெண்டைகள் வாயை மேலே நீட்டித் தவித்துக்கொண்டிருந்தன. விரால் மட்டும் சௌகரியமாக இருந்தது, அது வெளிக்காற்றை விழுங்கிச் சுவாசிக்கிற மீன்.

காரணம் எளிது. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி பகலில் வெயிலை வைத்து ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் அதுவும் மூச்சு விடும், மீனும் விடும், அடியில் மக்கும் சேறும் ஆக்சிஜனை இழுக்கும். இருப்பு குறைந்துகொண்டே போய் விடியும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வரும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிச் சூடேறும்போது இன்னும் மோசம், சூடான நீரில் ஆக்சிஜன் தங்குவதே குறைவு. உரமும் சாக்கடையும் வந்து சேர்ந்தால் பாசி கொழுக்கும். உங்கள் கண்மாயில் நடப்பது இதுதான் என்று பார்க்காமலே அடித்துச் சொல்ல மாட்டேன், பூச்சிமருந்தாகக்கூட இருக்கலாம். ஆனால் பதினொரு மணிக்கு மட்டும் வருகிற குழுவுக்கு இரண்டு வருடம் ஆனாலும் விடை கிடைக்காது. இன்னொன்று: மீட்டர் இல்லாமல் பாட்டிலில் தண்ணீர் எடுப்பார்களானால், ஆக்சிஜனுக்கான பாட்டிலில் கரையிலேயே ரசாயனம் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். அப்படியே மூடிக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதைக் கேட்டதும் குழுத் தலைவர் எரிச்சல்படுகிறாரா, நோட்டை எடுத்து எழுதிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்கள் சேர்ந்தால் ஆய்வே திசை மாறும் என்பதற்குப் பிச்சாவரம் நல்ல உதாரணம். அங்கே அலையாத்திக் காடு அழிந்ததற்கு ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இறங்கிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டிவந்ததில், வெட்டிய இடத்து மண் தாழ்ந்து தொட்டிபோல் ஆகியிருந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியாக, மண்ணில் உப்பு ஏறிக் கன்று பிழைக்கவில்லை. மீன் முள் மாதிரி கிளை பிரிகிற வாய்க்கால்களை வெட்டி அலைநீர் வந்துபோக வழி செய்தார்கள். ஆணும் பெண்ணும் உறுப்பினராக இருந்த ஊர்க் குழுக்கள் கன்று நடுவதிலும் பார்த்துக்கொள்வதிலும் வனத்துறையோடு சேர்ந்தன. பழி சுமந்தவர்களே காவலுக்கு நின்றார்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். ‘ஊர் சார்பில்’ என்றால் யார் சார்பில்? கண்மாய் எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்மாய் இல்லை. ஆயக்கட்டு விவசாயிக்கு அது பாசனம், மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவருக்கு முதலீடு, நிலமில்லாதவருக்கு ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற இடம், பெண்களுக்குத் துணி துவைக்கிற படித்துறை. காலனிப் பக்கத்து ஆட்களைக் கூப்பிடாமல் நான்கு பெரியவர்கள் போடுகிற கையெழுத்து ஊர்க் கையெழுத்து ஆகாது. கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். மீன் செத்தது முதலில் யார் கண்ணில் படுகிறதோ, அவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படாதவராகத்தான் இருப்பார்.

யார் பேசினார்கள் என்பதால் சிக்கலான கதை ஒன்று அகத்தியர் மலையில் நடந்தது. 1987இல் கேரளப் பக்கம் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணிக்காரர்கள் (அந்தக் காட்டுப் பழங்குடியினர்) ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடப்பதைக் கவனித்தார்கள். காணிக்காரர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் தந்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் தனி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று நிறுவனம் முடிவு செய்து, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே முன்மாதிரி என்று பேசிய ஏற்பாடு அது. ஆனால் வழி காட்டியவர்கள் ஒரு பகுதிக் காணிக்காரர்கள். மற்ற பகுதிகளில் இருந்தவர்கள் எங்களைக் கேட்டீர்களா என்றார்கள், மருத்துவ அறிவைக் காத்துவந்த பிளாத்திகளில் சிலர் எதிர்த்தார்கள். செடியைக் காட்டிலிருந்து எடுப்பதில் வனத்துறையோடும் தகராறு வந்தது. பணம் பங்கிடுவதைப் பற்றி நன்றாக யோசித்தவர்கள், யாரிடம் கேட்பது என்பதைத் தாமதமாகத்தான் யோசித்தார்கள்.

உங்கள் விஷயத்தில் மருந்து, காப்புரிமை எதுவும் இல்லை, அதனால் பணப் பங்கைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் ஊர் ஆட்கள் தண்ணீர் எடுக்கப் போனால் அன்றைய கூலி தர வேண்டும். ‘தன்னார்வலர்’ என்ற மரியாதைப் பட்டம் அரிசி வாங்காது.

கடிதத்தில் அவசியம் இருக்க வேண்டியது, முடிவு ஊருக்கு எப்போது, எப்படித் திரும்பி வரும் என்பது. ‘ஆய்வு முடிந்ததும் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முந்தைய குழுவும் அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தமிழில், ஊர் கூடும் மந்தையில் வைத்து, அளந்த எண்களின் நகலோடு என்று எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாக வெளிவருவதற்கு முன் ஊருக்குச் சொல்ல வேண்டும். பேட்டி கொடுப்பவர் பெயரும் படமும் அவரைக் கேட்காமல் போகக்கூடாது. பறவை கூடு கட்டும் இடம், அரிய மூலிகை இருக்கும் இடம் இவற்றைத் துல்லியமான வரைபடமாக வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம்.

சங்கடமான ஒன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குற்றம் நம் வயலில் போடும் யூரியா மேல், அல்லது நம் தெருச் சாக்கடை மேல் வந்தால்? முடிவை மறைக்கச் சொல்லும் உரிமை ஊருக்குக் கிடையாது. முதலில் கேட்கும் உரிமையும், பதில் சொல்லும் உரிமையும் உண்டு. இதைப் பேசாமல் தொடங்கிய ஆய்வுகள் பாதியில் சண்டையாகி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. உங்கள் கடிதம் ஊரின் சம்மதம் மட்டும்தான், அரசு அனுமதி ஆகாது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அந்த அனுமதியைக் குழுதான் வாங்க வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்றும் வேண்டும். பல ஊர்களில் அது காகிதத்தோடு சரி. இந்தச் சாக்கில் உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கண்மாய் மீன்கள் அதில் இருக்கின்றனவா என்று.

குழு வருவதற்குள் நீங்களே ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். மீன் செத்த தேதி, என்ன மீன், முதல்நாள் மழையா மேகமூட்டமா, பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா, மடையில் எத்தனை படி தண்ணீர் நின்றது. ஒரு பழைய எவர்சில்வர் தட்டு, சுமார் 20 சென்டிமீட்டர் அகலம், அதை நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள். அடியில் கல், நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு, கயிற்றில் பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. உச்சி வெயிலில், நிழல் விழும் பக்கமாகத் தண்ணீரில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பச்சையாக இருந்து, 20 சென்டிமீட்டருக்குள்ளேயே தட்டு மறைந்தால் விடியற்காலையில் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறமென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அது வண்டல்.

இந்த நோட்டோடு அவர்களைச் சந்தியுங்கள். முதல் சந்திப்பைக் காலை ஐந்து மணிக்குக் கரையில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மீட்டரோடு வந்து நின்றால் அன்றைக்கே கையெழுத்துப் போடலாம்.