கேள்வி பதில்: ஷூமன் பாட்டில் கிளாரா இருக்கிறாரா?

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கும் பியானோ மேதை கிளாராவுக்கும் இருந்த காதலைப் பாட்டும் கதையுமாகச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். ஒருவர் அவர்களுடைய கடிதங்களை வாசிக்கிறார், நடுநடுவே பாடகி பாடுகிறார். உருகிவிட்டேன். அந்தப் பாடல்கள் நிஜமாகவே அந்தக் காதலைத்தான் சொல்கின்றனவா, இல்லை பிற்பாடு ஒட்டவைத்த கதையா?
– வாசகி, திருச்சி

பதில்: காதல் நிஜம், கடிதங்களும் நிஜம். இந்தக் கடிதத்துக்கு இந்தப் பாட்டு என்று ஜோடி சேர்க்கிறார்களே, ஒட்டுவேலை நடப்பது அங்கேதான்.

ஷூமன் 1830ல் லைப்சிக் நகரில் ஃப்ரீட்ரிக் வீக் என்ற ஆசிரியரிடம் பியானோ கற்க அவர் வீட்டிலேயே வந்து தங்கினார். அவருக்கு வயது 20, ஆசிரியரின் மகள் கிளாராவுக்கு 11. அது காதலானது 1835ல், கிளாராவுக்கு 16 வயதானபோது. (அதற்கு முந்தைய வருடம் எர்னஸ்டீன் என்ற பெண்ணோடு ஷூமனுக்கு நிச்சயமாகிப் பிறகு முறிந்த கதையை இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் வாசிக்க மாட்டார்கள்!) விஷயம் தெரிந்ததும் அப்பா மகளை ட்ரெஸ்டனுக்கு அனுப்பிவிட்டார், சந்திக்கக் கூடாது, கடிதம் போடக் கூடாது. சின்ன வயதிலிருந்து தானே பயிற்சி கொடுத்து ஊர் ஊராக மேடையேற்றிய பெண்ணை, கை கெட்டுப்போய் மேடையில் வாசிக்கவும் முடியாமல், சொல்லிக்கொள்ளும்படி வருமானமும் இல்லாமல் இருந்த ஓர் ஆளுக்குக் கட்டிக்கொடுக்க எந்த அப்பாவுக்குத்தான் மனசு வரும்? அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. ஆனால் 1839ல் காதலர்கள் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனதும், அந்த அப்பா ஷூமன் குடிகாரர் என்பதில் ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் குற்றச்சாட்டாக எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் 1840 ஆகஸ்டில் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. செப்டம்பர் 12ஆம் தேதி, லைப்சிக்கை ஒட்டிய ஷோனஃபெல்ட் தேவாலயத்தில் கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21வது பிறந்தநாள்.

சரி, பாட்டுக்கு வருவோம். அதுவரை அச்சிட்டதெல்லாம் பியானோ இசையாகவே இருந்த ஷூமன், வழக்கு இழுத்துக்கொண்டிருந்த அந்த 1840ல் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதித் தள்ளினார். அதில் புகழ்பெற்ற 'கவிஞனின் காதல்' தொகுப்பு மே மாதத்தில் உருவானது. அதில் என்ன கதை தெரியுமா? காதலி வேறொருவனுக்கு மனைவியாகிறாள், கவிஞன் தன் காதலையும் கனவுகளையும் பெரிய சவப்பெட்டியில் போட்டுக் கடலில் இறக்கச் சொல்கிறான். கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் இசையமைத்த பாட்டு இது! வரிகள் ஹைனே என்ற கவிஞர் 1820களில் எழுதியவை, கிளாராவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜூலையில் அமைத்த 'பெண்ணின் காதலும் வாழ்வும்' இன்னும் விசேஷம், அது கணவன் செத்துப்போவதில் முடிகிறது. இதையெல்லாம் ஷூமனின் டைரி என்று எடுத்துக்கொண்டால் தலை சுற்றும்.

ஷூமன் எங்கே பேசுகிறார் என்று தெரிய வேண்டுமானால் பாடகியைவிடப் பியானோவைக் கவனியுங்கள். 'பெண்ணின் காதலும் வாழ்வும்' தொகுப்பில் கணவன் இறந்த பாட்டோடு பாடகியின் வேலை முடிந்துவிடும், ஆனால் பியானோ நிறுத்தாது, அவள் அவனை முதன்முதலாகப் பார்த்ததைச் சொன்ன முதல் பாட்டின் இசையைத் திரும்ப எடுத்துத் தனியாக வாசித்து முடிக்கும். அந்த முடிவு கவிதையில் இல்லை, ஷூமன் சேர்த்தது. அதே மாதிரி, கல்யாணப் பரிசாகக் கிளாராவுக்குக் கொடுத்த 26 பாடல்களில் முதலாவதான 'விட்முங்' (சமர்ப்பணம்) முடியும்போது, இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' என்ற மரியன்னை வேண்டுதல் பாட்டு மெட்டின் ஒரு துணுக்கு பியானோவில் வந்து போகும். வார்த்தை கவிஞர் ரூக்கெர்ட்டுடையது, மெட்டுத் துணுக்கு ஷூபர்ட்டுடையது, ஆனால் அதைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தவர் ஷூமன். கிளாராவுக்கு அது புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: ஷூமன் இருக்கும்போதே கிளாராவுக்கும் இளம் இசையமைப்பாளர் பிராம்ஸுக்கும் காதல் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: பிராம்ஸ் உருகி உருகி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. அவர் 1853ல் அந்த வீட்டுக்கு வந்தபோது வயது 20. அடுத்த பிப்ரவரியில் ஷூமன் ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றி பான் நகரத்துக்குப் பக்கத்தில் எண்டெனிக் மனநல விடுதியில் சேர்த்தார்கள். கிளாரா வந்து பார்க்க மருத்துவர்கள் விடவில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, ஷூமன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பார்க்க முடிந்தது. அந்தக் காலம் முழுக்க வீட்டுக்குத் துணையாக நின்றவர் பிராம்ஸ். அப்புறம் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 40 வருடம் நண்பர்களாகவே இருந்தார்கள். மிச்சத்தைச் சினிமாக்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

கேள்வி: கிளாராவே இசையமைத்தவர் என்று படித்தேன். ஏன் அவர் பாடல்களை யாரும் பாடுவதில்லை?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போது பாடுகிறார்கள், ஆனால் காதல் கதை சொல்லும் நிகழ்ச்சிகளில் அவரைப் பெரும்பாலும் கடிதம் எழுதும் பெண்ணாகவே உட்கார வைத்துவிடுகிறார்கள், என் குறை அதுதான். கல்யாணத்துக்குப் பின் வீட்டில் ஷூமன் இசையமைக்கும் நேரத்தில் கிளாரா பியானோவைத் தொட முடியாது, சத்தம் தொந்தரவாம். இருவரும் மாறி மாறி எழுதிய திருமண நாட்குறிப்பிலேயே இந்த ஆதங்கம் இருக்கிறது. பிறகு எட்டுப் பிரசவம், கணவர் போனபின் குடும்பத்தைக் காப்பாற்றக் கச்சேரி கச்சேரியாக ஓட்டம். எழுதுவது கிட்டத்தட்ட நின்றே போனது.

1841ல் இருவர் பெயரிலும் ரூக்கெர்ட் கவிதைகளுக்கான 12 பாடல்கள் வெளிவந்தன. அதில் மூன்று கிளாராவுடையவை, எது யாருடையது என்று அச்சில் போடவில்லை. அழகுக்காக என்றால் என்னைக் காதலிக்காதே, காதலுக்காக என்றால் காதலி என்று சொல்லும் 'லீப்ஸ்ட் டு உம் ஷோன்ஹைட்' அவருடையதுதான். உங்கள் நிகழ்ச்சியில் அதைப் பாடவில்லை என்றால் தனியாகத் தேடிக் கேளுங்கள், சின்னப் பாட்டுதான்.