பழைய அதிகாரி பங்களா யார் பொறுப்பு?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்து அதிகாரி பங்களா ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இடித்துவிட்டுப் புது அலுவலகம் கட்டப்போவதாகப் பேச்சு. பாரம்பரிய ஆணையத்துக்கு மனு போட்டால் நிறுத்திவிடுவார்களா?"

போடலாம். ஆனால் முதல் மனு அங்கே போக வேண்டாம்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2024-ல்தான். பன்னிரண்டு ஆண்டு தூக்கம்! தலைவர், துறை அதிகாரிகள், வல்லுநர்கள் என்று சேர்ந்த அமைப்பு அது. எந்தக் கட்டடம் பாதுகாக்கத் தக்கது, எப்படிச் செப்பனிடலாம் என்று அரசுக்கு ஆலோசனை சொல்வது அதன் முக்கிய வேலை. மத்தியத் தொல்லியல் துறையின் 1958 சட்டத்திலோ, மாநிலத் தொல்லியல் துறையின் 1966 சட்டத்திலோ சேராமல் விடுபட்ட கட்டடங்களுக்காகத்தான் இது வந்தது. உங்கள் பங்களாவும் அநேகமாக அந்த ரகம்தான். ஆனாலும் சாவி ஆணையத்திடம் இல்லை.

நம் ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இடம் ஒரு துறையின் பெயரில் இருக்கும், பராமரிப்பு பொதுப்பணித்துறையிடம் இருக்கும், குடியிருந்தது மூன்றாவது துறை அதிகாரியாக இருக்கும். குற்றாலம் அரண்மனையைப் பாருங்களேன்: திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்துக்காகக் கட்டியது, நிற்பது தென்காசி மாவட்டத்தில், ஆனால் கையில் வைத்திருப்பது கேரளப் பொதுப்பணித்துறை. அதைப் பற்றிக் கொக்கிரகுளத்தில் இருக்கும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து என்ன பயன்?

அதனால் முதலில் இடத்தின் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ நிலப் பதிவேட்டில் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுப்பணித்துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம். அதில் கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: கட்டடம் பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று யாராவது சான்று கொடுத்திருக்கிறார்களா, இடிக்க உத்தரவு உண்டா, நகல் தாருங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் பராமரிக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது; காகிதத்தைக் கேட்டால் வரும்.

பதிலுக்குக் காத்திருக்கும் நாளில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்திரம், ஓடு, சுவர் எல்லாம். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் அதையும் விடாதீர்கள்: உள்ளே ஈரம் அடைபட்டு, பூச்சு உப்புப் பூத்து உதிரும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "சுவர் தாங்காது" என்பார்கள். பல சமயம் கெட்டது மேல் பூச்சு மட்டுமே.

உத்தரவு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புல எண், படங்கள், ஒப்புகை நகல் மூன்றையும் இணைத்து அப்புறம் ஆணையத்துக்கு எழுதுங்கள். பிரதி ஒன்று மாநிலத் தொல்லியல் துறைக்கும்.