ஜெர்மனியில் தெருவில் படம் எடுத்தால் ஏன் முறைக்கிறார்கள்?

பொது இடம்தானே, யாரையும் எடுக்கலாம் என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே அது செல்லாது.

1898-இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் அறைக்குள் புகுந்து சடலத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். அந்தப் பரபரப்பின் தொடர்ச்சியாக 1907-இல் வந்த சட்டத்தின் 22-ஆம் பிரிவு இன்றும் அமலில் உள்ளது: ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும். இறந்தபின் 10 ஆண்டுகள் வரை குடும்பத்தாரின் சம்மதம்.

23-ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. பெர்லினின் புகழ்பெற்ற பிராண்டன்பர்க் வாயிலை எடுக்கும்போது ஓரத்தில் நாலு பேர் விழுந்தால் பாதகமில்லை. அந்த ஆளை நீக்கினாலும் படம் அதே படமாக இருக்குமா என்று பாருங்கள். இருந்தால் அவர் வெறும் பின்னணி. பெஞ்சில் ஐஸ்கிரீம் சாப்பிடும் பாட்டியை ஜூம் பண்ணி இன்ஸ்டாகிராமில் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஊர்வலத்தைக் கூட்டமாக எடுக்கலாம், ஒரே முகத்தைக் குறிவைத்தால் சிக்கல். குழந்தைகளை, பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

வீடுகளுக்கும் இதே மனநிலைதான். 2010-இல் தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ 20 நகரங்களில் வந்தபோது சுமார் 2,44,000 வீட்டார் தங்கள் முகப்பை மங்கலாக்கச் சொன்னார்கள். வாசலில் கேமரா மாட்டினால் அதில் பொது நடைபாதை பதிவாகாமல் திருப்பி வைக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே மக்கள் சௌனா எனும் வெப்பக் குளியல் அறையில் ஆணும் பெண்ணுமாகத் துணியில்லாமல் உட்காருவார்கள். பார்த்துவிட்டுப் போவதில் அவர்களுக்கு வருத்தமில்லை. பதிவு செய்து எடுத்துப்போவதுதான் பிரச்சினை. அதனால்தான் அங்கே போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள்.

தெருவில் யாராவது தடுத்தால் வாதாடாதீர்கள். 'எண்ட்ஷுல்டிகுங்' (மன்னிக்கவும்) சொல்லி, அவர் கண்ணெதிரே படத்தை அழித்துவிடுங்கள். குப்பைத்தொட்டி ஃபோல்டரிலிருந்தும் சேர்த்து.